சிறுத்தை மாறிக்கொண்டது; மனிதன் மாறுவானா?

மும்பையில் சிறுத்தை உலவுகிறது என்று ஊருக்குப் போன் போட்டுச் சொன்னால் அங்கே யாரும் நம்பமாட்டார்கள். கோடிக்கணக்கான ஜனங்கள் நெருக்கியடித்து வாழும் பட்டணத்தில், சில நிமிடங்களுக்கு ஒரு மின்சார ரயில் ஓடும் இடத்தில், சிறுத்தைக்கு என்ன வேலை என்று கேட்பார்கள்.

ஆனால் போரிவலி, மலாட், கோரேகாவ், முலுண்ட் பகுதிகளில் காட்டை ஒட்டிக் குடியிருக்கும் தமிழர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. இரவில் விடாமல் குரைத்துக்கொண்டிருந்த தெருநாய் திடீரென்று வாயடைத்துப் போகும். பக்கத்து வீட்டு மராத்தியர் 'பிபட்யா' என்று ஒரே சொல் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். பிபட்யா என்றால் சிறுத்தை.

இதற்குக் காரணம் நகரத்தின் நடுவிலேயே இருக்கும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. பரப்பு ஏறக்குறைய 104 சதுர கிலோமீட்டர். விகார், துளசி ஏரிகளும் கான்ஹேரிக் குகைகளும் இதற்குள்தான் இருக்கின்றன. தெற்கே 1949-ல் தொடங்கிய ஆரே பால் குடியிருப்பு. மற்ற திசைகளில் மாடிக் கட்டிடங்களும் குடிசைகளும் காட்டின் சுவரை முட்டிக்கொண்டு நிற்கின்றன. 2015-ல் தானாகவே படம் எடுக்கும் கேமராக்களை வைத்துக் கணக்கெடுத்தபோது பூங்காவிலும் சுற்றுப்புறத்திலும் 35 சிறுத்தைகள் தெரியவந்தன. 2018 கணக்கெடுப்பில் 47.

உலகத்தில் இத்தனை பெரிய நகரத்துக்குள் இத்தனை சிறுத்தைகள் வாழ்வது மிகவும் அபூர்வம். இது எப்படி முடிகிறது? இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொள்ளாமல் 'பிடித்துக் கொண்டுபோ' என்று கோஷம் போடுவதால்தான் ஆபத்து கூடுகிறது.

உடல் தந்த ஆயுதங்கள்

சிறுத்தையின் மஞ்சள் தோலில் பூப்போன்ற கரும்புள்ளிகள் இருப்பது அழகுக்காக அல்ல. மரத்தின் இலைகளூடே இறங்கும் வெளிச்சம் தரையில் புள்ளி புள்ளியாக விழும். அந்தப் புள்ளிகளோடு இந்தப் புள்ளிகள் கலந்துவிடும். பத்தடி தூரத்தில் படுத்திருந்தாலும் ஆள் கண்ணுக்குப் படாது.

அதன் கண்ணுக்குப் பின்புறம் கண்ணாடி போன்ற ஒரு படலம் உண்டு. உள்ளே புகுந்த ஒளியை அது திருப்பி அனுப்பி, பார்வை நரம்புகளில் மறுபடியும் படச் செய்கிறது. அதனால் மனிதன் தட்டுத் தடுமாறும் இருட்டிலும் சிறுத்தை தாராளமாக நடமாடும். டார்ச் அடித்தால் அதன் கண் நெருப்புத் துண்டுபோல் மின்னுவதும் இந்தப் படலத்தால்தான். மீசை முடிகள், புதருக்குள் உடம்பு நுழையுமா என்று தொட்டுப் பார்த்துச் சொல்லும் விரல்கள் மாதிரி. பாதத்தின் அடியில் மெத்தென்ற சதை இருப்பதால் காலடி ஓசை கேட்காது. நகங்களை உள்ளிழுத்துக்கொள்ள முடிவதால் அவை தரையில் தேயாமல் எப்போதும் கூர்மையாக இருக்கும். தன் எடைக்குச் சமமான இரையைக் கவ்விக்கொண்டு மரத்தில் ஏறும் அளவுக்குத் தோளிலும் கழுத்திலும் வலு உண்டு.

எல்லாவற்றிலும் பெரிய அனுகூலம், உடம்பு அளவாக இருப்பது. ஆண் புலி 200 கிலோவும் இருக்கும். ஆண் சிறுத்தை பெரும்பாலும் 50 முதல் 70 கிலோவுக்குள். பெண் அதற்கும் குறைவு. புலிக்குப் பெரிய மான் வேண்டும், காட்டெருமை வேண்டும். சிறுத்தைக்கு எலி, நண்டு, முயல், கோழி, குரங்கு, நாய், பன்றி, மான் எது கிடைத்தாலும் போதும். பெரிய சம்பளம் வாங்கிப் பெரிய செலவு செய்கிறவன் வேலை போனால் தவித்துப்போவான். சிக்கனக்காரன் எப்படியும் காலம் தள்ளுவான். சிறுத்தை சிக்கனக்காரன்.

இவையெல்லாம் சிறுத்தை யோசித்துத் தேடிக்கொண்டவை அல்ல. லட்சக்கணக்கான ஆண்டுகளில், இருட்டில் நன்றாகப் பார்த்தது பிழைத்தது. பார்க்காதது பட்டினி கிடந்து செத்தது. பிழைத்ததன் குட்டிகளுக்கு அந்தக் கண் வந்து சேர்ந்தது. இதைத்தான் டார்வின் 1859-ல் வெளியிட்ட நூலில் இயற்கைத் தேர்வு என்று விளக்கினார்.

வேகம் இருந்தும் வீழ்ந்த சிவிங்கி

உடலமைப்பு நன்றாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்குச் சிவிங்கிப்புலியே சாட்சி.

நிலத்தில் ஓடும் மிருகங்களில் சிவிங்கியை மிஞ்சிய வேகம் எதற்கும் கிடையாது. மெலிந்த உடல், நீண்ட கால், ஓடும்போது தரையைப் பற்றிக்கொள்ள வெளியே நீட்டியபடி இருக்கும் நகம் என்று ஓட்டத்துக்காகவே அதன் உடல் அமைந்தது. திறந்த புல்வெளியில் அதை வெல்ல யாருமில்லை. ஆனால் புல்வெளி வயலாயிற்று. ராஜாக்களின் வேட்டை வேறு. 1947-ல் மத்திய இந்தியாவில் ஒரு சமஸ்தானத்தில் மூன்று சிவிங்கிகள் சுடப்பட்டன. 1952-ல் இந்தியாவில் சிவிங்கி இனம் அற்றுப்போனதாக அரசு அறிவித்தது. அதன் பிறகு 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து விமானத்தில் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தின் கூனோ காட்டில் விட வேண்டியதாயிற்று.

சிவிங்கி ஒரே வேலைக்குப் பயிற்சி பெற்றவன். அந்த வேலை இருந்த இடம் மூடப்பட்டதும் அதற்கு வழியில்லாமல் போயிற்று. சிறுத்தையோ எந்த இடத்திலும் எந்த வேலையிலும் ஒட்டிக்கொள்கிறவன். பிழைப்புத் தேடி ஊரை விட்டு வந்து, கிடைத்த வேலையைப் பிடித்து, கிடைத்த இடத்தில் குடியேறி, இந்தியும் மராத்தியும் கற்றுக்கொண்டு நிமிர்ந்த தமிழ்த் தொழிலாளிக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பழக்கமும் ஒரு கவசம்

உடல் மாற லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும். பழக்கம் அப்படியல்ல, ஓர் ஆயுளுக்குள்ளேயே மாறும். மும்பைச் சிறுத்தையைக் காப்பாற்றிவருவது இந்தப் பழக்கம்தான்.

மனிதன் விழித்திருக்கும் நேரத்தில் அது புதரில் படுத்திருக்கும். ஜனநடமாட்டம் ஓய்ந்த பிறகு எழுந்திருக்கும். ஓடையோரம், மதில் நிழல், இருண்ட சந்து வழியாக வந்து, வந்த சுவடு தெரியாமல் திரும்பிவிடும். குட்டிகளை மறைவிடத்தில் வைக்கும். ஆபத்து என்று தோன்றினால் வாயில் கவ்வி வேறு இடத்துக்கு மாற்றும். மராட்டிய மாநிலத்தின் கரும்புத் தோட்டங்களில் காட்டையே கண்டறியாத சிறுத்தைகள் கரும்புக்குள்ளேயே பிறந்து வளர்கின்றன. அவற்றுக்குக் கரும்புதான் காடு.

'ஆஜோபா' என்று பெயரிடப்பட்ட ஆண் சிறுத்தையின் கதை இந்த மாநிலத்தில் பலருக்கும் தெரியும். மராத்தியில் ஆஜோபா என்றால் தாத்தா. 2009-ல் அகமத்நகர் மாவட்டத்தில் ஒரு கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட அந்தச் சிறுத்தைக்கு, இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி பொருத்திய கழுத்துப்பட்டையை ஆராய்ச்சியாளர் வித்யா ஆத்ரேயாவின் குழுவினர் மாட்டினார்கள். மால்ஷேஜ் கணவாய்ப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். அது அங்கே தங்கவில்லை. சில வாரங்களில் ஏறக்குறைய 120 கிலோமீட்டர் நடந்து, நெடுஞ்சாலையைத் தாண்டி, கசாரா பக்கம் ரயில் பாதையைத் தாண்டி, தொழிற்சாலைப் பகுதிகளைக் கடந்து, வசாய் கழிமுகத்தை நீந்தி மும்பைப் பூங்காவை வந்தடைந்தது. வழியில் ஒரு மனிதனையும் தீண்டவில்லை. கடைசியில் 2011-ல் மும்பை - ஆக்ரா நெடுஞ்சாலையில் ஏதோ ஒரு வண்டி மோதி இறந்தது. 2014-ல் இந்தக் கதை மராத்தியில் சினிமாவாகவும் வந்தது.

இத்தனை இடையூறுகளையும் தாண்டத் தெரிந்த மிருகத்துக்கு வண்டியின் வேகம் மட்டும் பிடிபடவில்லை. அதைக் கற்றுக்கொள்ள அதற்கு அவகாசமும் கொடுக்கப்படவில்லை.

தீபாவளி நாளில் போன உயிர்

சிறுத்தையின் சாமர்த்தியத்தைப் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொண்டால் அது நியாயமாகாது. காட்டோரக் குடிசையில் குழந்தையைத் தூங்க வைக்கும் தாய்க்கு இந்தப் புகழ்ச்சியால் என்ன பயன்?

2022 அக்டோபரில், தீபாவளி நாள் விடியற்காலையில், ஆரே பகுதியில் ஒன்றரை வயதுகூட நிரம்பாத ஒரு பெண் குழந்தையைச் சிறுத்தை கவ்விச் சென்றது. விளக்கேற்றப் போன தாயின் பின்னால் தத்தித் தத்தி வந்த குழந்தை. உயிர் பிழைக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு 2021-ல் அதே ஆரேயில் பலர் தாக்கப்பட்டார்கள். ஒரு பெண்மணி கைத்தடியாலேயே சிறுத்தையை விரட்டிய காட்சியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

சிறுத்தைக்கு மனிதன் இயல்பான இரை அல்ல. நிமிர்ந்து நடக்கும் மனிதனைக் கண்டால் அது பெரும்பாலும் ஒதுங்கிப் போகும். ஆனால் இருட்டில் குந்தியிருப்பவரும், தவழும் குழந்தையும் அதன் கண்ணுக்கு நாலுகால் பிராணியின் உயரத்தில் தெரிகிறார்கள். எந்த உயரத்தில் இருப்பது இரை என்று லட்சக்கணக்கான ஆண்டுகள் அதற்குக் கற்பித்திருக்கின்றனவோ, அந்த உயரம்.

குடிசைப் பகுதியில் இருட்டில் குந்துவது யார்? வீட்டில் கக்கூஸ் இல்லாதவர்கள். குழந்தை தனியே வெளியே வருவது எந்த வீட்டில்? விடிவதற்கு முன் தாயும் தகப்பனும் வேலைக்கு ஓட வேண்டிய வீட்டில். சிறுத்தையின் கண்ணில் ஏழை பணக்காரன் என்ற பேதம் கிடையாது. ஆனால் மாடிக் கட்டிடத்துக்கு மதிலும் காவலாளியும் விளக்கும் இருக்கின்றன. குடிசைக்கு ஒரு சாக்குத் திரைதான்.

சிறுத்தையை அந்தக் குடிசை வாசலுக்கு அழைப்பது எது? குப்பை. அள்ளாமல் கிடக்கும் குப்பைக்கும் கடை வாசலில் கொட்டும் கழிவுக்கும் நாய்கள் கூடுகின்றன. நாய்களுக்காகச் சிறுத்தை வருகிறது. 2018-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, இந்தப் பூங்காவின் சிறுத்தைகள் ஆண்டுக்குச் சுமார் 1,500 நாய்களைத் தின்பதாக மதிப்பிட்டது. அதனால் ஏறக்குறைய ஆயிரம் நாய்க்கடிகள் தவிர்க்கப்படலாம் என்றும் சொன்னது. வெறிநாய்க்கடியால் உயிர்கள் போகும் நாட்டில் இது சிறிய உதவி அல்ல. ஆனால் அந்தச் சாப்பாட்டுப் பந்தி குழந்தைகள் விளையாடும் இடத்துக்குப் பக்கத்திலேயே நடப்பதுதான் கேடு.

கொண்டுபோய் விட்டால் தீருமா?

ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் எழும் கோரிக்கை ஒன்றுதான். சிறுத்தைகளைப் பிடித்துத் தொலைதூரக் காட்டில் விட்டுவிட வேண்டும் என்பது. கோபம் நியாயமானது. ஆனால் வழி தவறானது. இது அனுபவத்தில் தெரிந்த விஷயம்.

புனே மாவட்டத்தின் ஜுன்னர் பகுதியில் 2001 முதல் 2003 வரை சிறுத்தைகள் ஏராளமாகப் பிடிக்கப்பட்டன. அவற்றில் பலவற்றை வேறு காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். அதற்கு முன் அப்பகுதியில் மனிதர்மீது ஆண்டுக்குச் சராசரியாக 4 தாக்குதல்கள் நடந்துவந்தன. இந்த நடவடிக்கைக்குப் பிறகு 17 ஆகிவிட்டது என்று வித்யா ஆத்ரேயாவும் அவருடைய சகாக்களும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. மும்பையிலும் 2002 முதல் 2004 வரை தாக்குதல்கள் உச்சத்தில் இருந்தன. 2004 ஜூன் மாதம் மிகக் கொடியதாக இருந்தது. வெளியிடங்களில் பிடித்த சிறுத்தைகள் இந்தப் பூங்காவில் கொண்டுவந்து விடப்பட்ட காலமும் அதுதான்.

ஏன் இப்படி? சிறுத்தை தனித்து வாழும் பிராணி. ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. எங்கே தண்ணீர், எந்தச் சந்தில் நாய், எந்த நேரத்தில் ஆள் நடமாட்டம் என்பதெல்லாம் அதற்கு மனப்பாடம். மனிதனை ஒதுக்கிப் போவதும் அந்த மனப்பாடத்தில் ஒரு பாடம். கூண்டில் அடைத்து, காயப்படுத்தி, பழக்கமில்லாத இடத்தில் இறக்கிவிட்டால் அது கற்ற பாடம் எதுவும் அங்கே உதவாது. புதிய இடத்தில் ஏற்கெனவே வேறு சிறுத்தை இருக்கும். அது இதை விரட்டும். வந்த சிறுத்தை ஆஜோபாவைப்போல் வேறு திசை பார்த்து நடக்கும். வழியிலெல்லாம் ஊர்கள். காலியான பழைய எல்லையும் வெறுமனே கிடக்காது. அனுபவமில்லாத இளஞ்சிறுத்தை ஒன்று அங்கே வந்து சேரும்.

முன்பின் தெரியாத ஸ்டேஷனில், பாஷை தெரியாமல், கையில் காசில்லாமல் நள்ளிரவில் இறங்கி நின்றவர்களுக்கு அந்தத் தவிப்பு புரியும். மனிதன் வாய்விட்டு வழி கேட்கலாம். சிறுத்தைக்கு அதுவும் கிடையாது.

மனிதரைத் தாக்குவதையே வழக்கமாக்கிக்கொண்ட சிறுத்தையைக் கண்டறிந்து, பிடித்து, நிரந்தரமாக அடைத்து வைப்பது வேறு விஷயம். அதை யாரும் மறுக்க முடியாது. ஒன்று செய்த குற்றத்துக்கு எல்லாவற்றையும் நாடு கடத்துவது பயன் தராது என்பதே இங்கே சொல்ல வேண்டியது.

குடிசைவாசியின் குற்றமா?

காட்டை ஆக்கிரமித்தவர்கள் குடிசைவாசிகள்தானே, அவர்கள் போய்விட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமே என்று சிலர் வாதாடுகிறார்கள். காட்டோரத்தில் குடிசை போட்டவன் இயற்கைக் காட்சி பார்க்க வந்தவன் அல்ல. இந்த நகரத்தின் கட்டிடங்களைக் கட்டியவனுக்கும், தெருக்களைப் பெருக்கியவனுக்கும் நகரத்துக்குள் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. அதே காட்டை ஒட்டி 'வனக்காட்சி' என்று விளம்பரம் செய்து விற்ற மாடிக் கட்டிடங்களைப் பற்றி இந்த வாதம் செய்கிறவர்கள் வாய் திறப்பதில்லை.

இங்கே மட்டும் நடப்பதும் அல்ல இது. தமிழ்நாட்டில் வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் 2025 ஜூனில் நான்கு வயதுப் பெண் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. பெற்றோர் ஜார்க்கண்டிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளிகள். தமிழன் மும்பைக்கு வருகிறான். ஜார்க்கண்ட்காரன் வால்பாறைக்குப் போகிறான். இரண்டு இடத்திலும் காட்டின் விளிம்பில் வந்து நிற்பது வெளியூரிலிருந்து வந்த உழைப்பாளியின் குழந்தைதான்.

இனி மனிதனின் முறை

ஆரே பகுதியிலும் பூங்காவிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் வார்லி ஆதிவாசிகள் சிறுத்தையையும் புலியையும் 'வாகோபா' என்று தெய்வமாக வணங்குகிறார்கள். அவர்கள் பயம் அறியாதவர்கள் அல்ல. எந்த நேரத்தில் எந்தப் பாதையில் போகக்கூடாது என்று அறிந்தவர்கள். அந்த அறிவு பட்டணத்துக்கு வந்தவனுக்கும் வேண்டும்.

இருட்டிய பிறகு குழந்தைகளைத் தனியே வெளியே விடக்கூடாது. இரவிலும் விடியற்காலையிலும் பெரியவர்களும் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, பேசிக்கொண்டோ செல்போனில் பாட்டு வைத்துக்கொண்டோ நடக்க வேண்டும். சத்தம் கேட்டால் சிறுத்தை விலகிவிடும். எதிரே கண்டுவிட்டால் ஓடவோ குனியவோ கூடாது. நிமிர்ந்து நின்று மெல்லப் பின்வாங்க வேண்டும். சிறுத்தை குடியிருப்புக்குள் சிக்கிக்கொண்டால் கூட்டம் கூடிக் கல்லெறியாமல் வனத்துறையின் 1926 எண்ணுக்குத் தகவல் சொல்ல வேண்டும். தப்பிக்க வழியில்லாதபடி சூழப்பட்ட சிறுத்தை யார்மேல் வேண்டுமானாலும் பாயும்.

இவை ஜனங்கள் செய்ய வேண்டியவை. செலவில்லாதவை. செலவு பிடிக்கும் வேலைகள் மாநகராட்சிக்கும் மாநில அரசுக்கும் உரியவை. காட்டோரக் குடியிருப்புகளில் குப்பையைத் தினமும், இருட்டும் முன்பே அள்ள வேண்டும். தெருவிளக்கு எரிய வேண்டும். கம்பம் இருந்தால் மட்டும் போதாது. நடந்து போகும் தூரத்தில், வெளிச்சமும் தண்ணீரும் உள்ள கக்கூஸ் வேண்டும். தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் தவறாமல் நடக்க வேண்டும். விலங்குகள் கடக்கும் இடங்களில் வண்டிகளின் வேகத்துக்குக் கட்டுப்பாடு வேண்டும். எஞ்சியிருக்கும் ஆரேக் காட்டில் இனியும் கோடாலி விழக்கூடாது.

இந்தப் பட்டியலில் சிறுத்தைக்காக மட்டும் என்று ஒன்றுகூட இல்லை. குப்பை அள்ளுவதும் விளக்குப் போடுவதும் கக்கூஸ் கட்டுவதும் வரி கட்டும் குடிமகனுக்கு எப்போதோ கிடைத்திருக்க வேண்டியவை. கிடைக்காத குறையைச் சிறுத்தை வந்து காட்டிக் கொடுக்கிறது. கூண்டு வைக்கும் செலவோடு அதிகாரிகளின் கடமை முடிந்துவிடவில்லை.

சிறுத்தை தன் உணவை மாற்றிக்கொண்டது, நேரத்தை மாற்றிக்கொண்டது, வழியை மாற்றிக்கொண்டது. அதற்கு மேல் மாறு என்று அதனிடம் மனுக் கொடுக்க முடியாது. பழக்கத்தை மாற்றிக்கொள்ள மனிதனுக்கு லட்சம் ஆண்டு தேவையில்லை. ஒரு வாரம் போதும். மாநகராட்சிக்கு ஒரு பட்ஜெட் போதும். அடுத்த தீபாவளிக்கு விடியற்காலையில் விளக்கேற்றப் போகும் தாய், வெளிச்சமுள்ள பாதையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அச்சமில்லாமல் திரும்பி வர வேண்டும். சம்பந்தப்பட்டவர்கள் கவனிப்பார்களா?